காலி லிஃப்டின் எடை

காலியாக ஏறுகிற லிஃப்ட் நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. ஞானதாசனின் கையிலிருந்த மீட்டர் பதினொன்று காட்டியது. மீட்டரைத் தட்டிப் பார்த்தான், பேட்டரியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டான், மோட்டார் வயரை இன்னொரு இடத்தில் கவ்விப் பார்த்தான். அதே பதினொன்று. ஒன்றரை டன் படகு ஏறும்போது காட்டுகிற அளவு அது. படகோ இன்ஜின் வேலைக்காக ஒரு மாதமாகக் குளச்சலில் கிடக்கிறது.

ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம். மழை பெய்யவும் இல்லை, வெயில் வரவும் இல்லை. ஆறு கடலைத் தொடுவதற்கு முன்னால் மண்திட்டில் முட்டி நின்று, போக வழியில்லாமல் நாலாபக்கமும் பரந்து கிடந்தது காயல். அதன் கரையில் நாகர்கோவில் டாக்டர் ஒருவர் லீவு நாளுக்கென்று கட்டிய வீடு. வீட்டின் பின்வாசலிலிருந்து தண்ணீருக்குள் நாற்பதடி நீளத்துக்குப் பலகை பாவிய படகுத்துறை. அதன் முனையில் நாலு இரும்புத் தூண், மேலே உத்திரம், உத்திரத்திலிருந்து தண்ணீருக்குள் தொங்கும் இரண்டு அகலமான பெல்ட். படகு வந்து பெல்ட்டுக்குள் நிற்கும். ஸ்விட்சை அழுத்தினால் தொட்டில் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு மேலே வந்துவிடும். உப்புத்தண்ணீரில் கிடந்தால் படகின் அடிவயிற்றில் சிப்பி பிடிக்கும் என்பதற்காக இந்தப் பாடு.

இதையெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டியவன் ஞானதாசன்தான். ஷார்ஜாவில் பதினொரு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டுக் கடியப்பட்டணத்துக்குத் திரும்பியவன். இந்த வட்டாரத்தில் படகு லிஃப்ட் என்று சொன்னால் அவனைத்தான் கை காட்டுவார்கள். போட்டிக்கு ஆளில்லாதவனுக்கு வருகிற தலைக்கனம் அவனுக்கும் கொஞ்சம் உண்டு. தான் நட்ட தூண் தன்னிடமே கணக்குத் தவறுவதை அவனால் பொறுக்க முடியவில்லை. பலகையில் இங்கும் அங்கும் நடந்தான். ஸ்பானரை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான்.

"அத்தான், சும்மா நடந்து நடந்து பலகைய தேய்க்காதிய," என்றான் ஜினோ.

ஜினோ, ஞானதாசனின் மனைவி பெமிலாவின் தம்பி. ஒரு வருஷம்தான் இளையவன் என்பதால் அக்கா என்றெல்லாம் கூப்பிட மாட்டான், பிறந்ததிலிருந்தே பெமிதான். பாறையில் சிப்பி எடுக்க முங்கி வளர்ந்தவன். இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறது. ஜினோவின் மனைவி ஷிஜிக்கு ஏழு மாதம். போன மாசி மாதம் ஜினோ பாறையிடுக்கில் மாட்டி மூக்கில் ரத்தம் வழிய ஏறி வந்த நாளோடு, அவன் இனித் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது என்று பெமிலா தீர்த்துச் சொல்லிவிட்டாள். இன்று காலையில்கூட சோற்றுப் பாத்திரத்தைக் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவன வெள்ளத்தில விடமாட்டியல்லா?"

"மோட்டார் வேலைதான். தலைமுடிகூட நனையாம கொண்டாந்து விடுறேன்," என்று சொல்லித்தான் ஞானதாசன் பாத்திரத்தை வாங்கினான்.

லிஃப்ட் முழுசாக மேலே வந்து நின்றது. மோட்டார் அடங்கியதும் பெல்ட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் ஞானதாசன் அதைப் பார்த்தான். காலி பெல்ட் தளர்ந்து, காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டு தொங்க வேண்டும். இவை ஆடவில்லை. இரண்டும் விறைத்து நின்றன. நடுவில் இரண்டும் ஒரே அளவுக்குக் குழிந்திருந்தன, தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில் ஒன்றாக, மேலே எதுவோ மல்லாந்து படுத்திருப்பதுபோல.

எட்டி விரலால் சுண்டினான். பெல்ட் டங்கென்றது. குழிவுக்கு மேலே வெறும் காற்றுதான் இருந்தது, காற்றுக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் காயல் தெரிந்தது. கையை அந்த வெறும் இடத்துக்குள் நீட்டப் போனவன், ஏனென்று தெரியாமலே இழுத்துக்கொண்டான். சேறு வாடை அடித்தது. காயல் சேறு அவனுக்குப் பழகியதுதான். இது மூடிக் கிடந்த கிணற்றைத் திறந்தால் வருகிற வாடை.

"உப்பில பெல்ட் விறைச்சிருக்கும்," என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டான்.

வீட்டைப் பார்த்துக்கொள்கிற ரெஜிலா கட்டன்காப்பி கொண்டுவந்தாள். நாற்பது வயதுக்காரி, அதிகம் பேசாதவள். படகுத்துறையின் பாதி வரைக்கும் வந்து, அதற்கு மேல் வராமல் டம்ளர்களைப் பலகையில் வைத்தாள்.

"படகே இல்ல. லிஃப்ட எதுக்குத் தினமும் ஏத்தி வைக்கிறிய?" என்று கேட்டான் ஞானதாசன்.

"இறக்கி விட்டா தூணு ஆடுது அண்ணே. அடுக்களைத் தரை வரைக்கும் அதிருது. ஏத்தி வச்சா அடங்கிக் கிடக்கும்."

"எப்பத்திலேருந்து?"

"படகு போன மறுநாளு. காலியா இறங்கிக் கிடந்துது. காலம்பற வந்து ஏத்திப் பாக்கேன், பெல்ட் இப்பிடி இருக்கு." அவள் லிஃப்டைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துச் சொன்னாள். "டாக்டர்ட்ட சொன்னேன். மோட்டார் கோளாறு, ஆள விளிச்சுக் காட்டுன்னாரு."

தூண் ஆடுது என்ற வார்த்தை ஞானதாசனுக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குக் காரணம் சொல்ல அவனுக்குத் தெரியும். அடிமண் அரித்திருக்கும், தூண் சாய்ந்திருக்கும், உத்திரம் கோணிக்கொண்டு கம்பிவடம் சுற்றுகிற உருளையைப் பிடிக்கும், மோட்டார் திணறும். நாளைக்கு டாக்டர் படகோடு வருகிறார், விருந்தாளிகளும் வருகிறார்கள். தூணின் அடியைப் பார்க்காமல் படகை ஏற்றச் சொல்ல முடியாது. வழக்கமாக முங்குகிற ஆளுக்குக் காய்ச்சல்.

ஜினோ சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"லேய், வேண்டாம். நாளைக்கு வேற ஆளு பாக்கலாம்."

"பன்னெண்டடி வெள்ளம் அத்தான். இது எனக்குக் குளிக்கிற தொட்டி. நாலு தூணு, நாலு முங்கு. தலைய துவர்த்திட்டு வீட்டுக்குப் போனா பெமிக்கு எப்பிடித் தெரியும்?"

வேண்டாம் என்று இரண்டாம் தடவை சொல்ல ஞானதாசன் வாயைத் திறந்தான். சொல்லவில்லை. தூண் சாய்ந்திருக்கிறது என்று எவனாவது வந்து கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவனுக்கு. அந்தக் குழிந்த பெல்ட்டுக்கு ஒரு காரணம் வேண்டும். அதற்காகத்தான் மச்சினனை இறக்கினான். இதை அவன் பின்னாலும் மறைக்கவில்லை.

ஜினோ கயிற்றின் ஒரு நுனியை இடுப்பில் கட்டினான், மறுநுனியை ஞானதாசனின் கையில் கொடுத்தான். "ஒரு இழுப்புன்னா நான் சரியா இருக்கேன். தொடர்ந்து இழுத்தா நீங்க தூக்கணும். நேரமாச்சுன்னா நீங்களும் கயித்தத்தான் இழுக்கணும். பேரச் சொல்லி விளிக்கப்பிடாது."

"ஏன், உன் பேரு வெள்ளத்தில கரைஞ்சிருமா?"

"சிப்பிக்காரன் எவனும் விளிக்க மாட்டான். உள்ள கிடக்கிறவனுக்கு மேல பேசுறது கேக்காது. வேற எதாவது கேட்டு என்னான்னு திரும்பிரும்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டான், அதைச் சிரிக்காமல் செய்தான்.

ஷார்ஜாவில் முங்குகிறவனின் காதில் வயர் இருக்கும், மேலிருந்து பேசிக்கொண்டே இருக்கலாம். ஞானதாசனுக்கு அந்தப் பழக்கம்தான். சரி சரி என்று தலையாட்டினான்.

இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று லிஃப்டை மறுபடி தண்ணீருக்குள் இறக்கிவிட்டு ஆரம்பித்தார்கள். முதல் முங்கு ஒரு நிமிஷம். கயிறு ஒரு முறை இழுபட்டது, தலை மேலே வந்தது. "இந்தத் தூணு நேரா நிக்கு." இரண்டாவது தூணும் நேராகத்தான் நின்றது. மூன்றாவது முங்கில் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டான். ஏணியைப் பிடித்து மூச்சு வாங்கினான், உதடு வெளுத்திருந்தது.

"அத்தான், இத எத்தனை அடியில நட்டிய?"

"பன்னெண்டு. கீழ இன்னும் பத்தடி மண்ணுக்குள்ள."

"மண்ணு இல்ல."

"அரிச்சுப் போச்சா?"

"அரிப்பு இல்ல. தூணு போய்க்கிட்டே இருக்கு. பிடிச்சுக்கிட்டே இறங்குனேன், தரை தட்டல. கீழ நல்ல தணுப்பு." மூச்சை இழுத்து விட்டான். "இன்னும் ஒரு தடவ பாத்திட்டு வாறேன்."

"போதும். ஏறு."

அதற்குள் அவன் முங்கிவிட்டான்.

கயிறு ஞானதாசனின் உள்ளங்கை வழியாக ஓடியது. பத்தடி, பதினைந்து, இருபது என்று நிற்காமல் ஓடி, ஒரு கட்டத்தில் நின்றது. தண்ணீரின் மேல் குமிழி எதுவும் வரவில்லை. அக்கரைத் தென்னைகளில் காகம் கத்திக்கொண்டிருந்தது, அது நின்றது. மண்திட்டுக்கு அந்தப்பக்கம் கடல் அடிக்கிற சத்தம் காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்ததால் மறந்துபோயிருந்தது, இப்போது அதுவும் தூரமாகப் போய்விட்ட மாதிரி இருந்தது. பலகையின் அடியில் தண்ணீர் தூணை நக்குகிற சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது, சப்புக்கொட்டுவதுபோல.

மணியைப் பார்த்தான். ஒன்றரை நிமிஷம்.

கயிற்றை ஒரு முறை இழுத்தான். பதில் இழுப்பு இல்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடி எழுந்தான். இரண்டு நிமிஷம். ஷிஜியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, பெமிலாவின் கை பிடித்திருந்த சோற்றுப் பாத்திரம் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டேகால். குனிந்து, பலகை இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்த்துக் கத்தினான்.

"ஜினோ!"

உடனே பதில் வந்தது.

"என்னா அத்தான்?"

காலுக்கு நேர்கீழே, பலகைக்கு அடியில். மூச்சு வாங்காத, சாதாரணமான குரல். பக்கத்து அறையில் இருப்பவன் கேட்பதுபோல. அதன்பின் ஏணி கிறீச்சிட்டது. முதலில் கை, பிறகு தலை, பிறகு ஜினோ முழுசாக ஏறி வந்து, பலகையின் ஓரத்தில் காயலைப் பார்த்தபடி முதுகு காட்டி உட்கார்ந்தான்.

ஞானதாசனுக்கு வந்த நிம்மதி கோபமாக மாறியது. "ஏறுன்னா ஏறணும். புள்ளத்தாச்சி ஒருத்தி வீட்டில கிடக்கா, உனக்கு விளையாட்டா? நான் பெமிலாட்ட என்னத்தச் சொல்லுவேன்? இனி வெள்ளத்துப் பக்கம் உன்ன கண்டேன்னா காலை ஒடிப்பேன் பாத்துக்க." மனதில் இருந்த பயம் முழுவதும் திட்டாக வந்தது. நிறுத்த முடியவில்லை. ஒரு நிமிஷம் திட்டினான், அதற்கு மேலும் இருக்கும்.

ஜினோ திரும்பவில்லை. முதுகில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தோள் ஏறி இறங்கவில்லை. இரண்டேகால் நிமிஷம் முங்கினவனுக்கு மூச்சு வாங்கவில்லை.

"வீட்டுக்குப் போலாம் அத்தான்," என்றான். "அக்கா காத்திருப்பா."

அக்கா.

ஞானதாசன் அவன் இடுப்பைப் பார்த்தான். கயிறு இல்லை.

"கயிறு எங்கலேய்?"

"அவிழ்ந்து போச்சு."

ஞானதாசன் தன் கையைப் பார்த்தான். கயிறு அவன் பிடியில் இருந்தது. பலகை ஓரத்தில் மடிந்து, தண்ணீருக்குள் நேர்கீழாக இறங்கியது. விறைத்திருந்தது.

அது இழுபட்டது.

மறுபடி. மறுபடி. மறுபடி. நிற்காமல். இவ்வளவு நேரமும் இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. திட்டுகிற மும்முரத்தில் கை அதை உணரவில்லை.

"விடுங்க அத்தான். மீனாயிருக்கும்."

ஞானதாசன் இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான், காலைத் தூணில் உதைத்துக்கொண்டு இழுத்தான். நாலடி வந்தது. பிறகு எதிலோ மாட்டி நின்றது. கீழிருந்து வந்த இழுப்புகள் தளர்ந்தன. ஒன்று. நீண்ட இடைவெளி. இன்னொன்று.

பின்னால் பலகை அதிர்ந்தது. ஈரக் கால்கள். அவசரமில்லாமல் கரையை நோக்கிப் போயின. அவன் திரும்பவில்லை. திரும்ப நேரமில்லை. திரும்பத் தைரியமும் இல்லை. வாசல் பக்கம் அவர்கள் வந்த சரக்கு ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்று கரையிலிருந்து ரெஜிலா கூப்பிட்டாள். "தம்பி வண்டிய எடுத்திட்டுப் போறான்."

"ரெஜிலா! ஸ்விட்ச! மேல, மேல!"

கயிற்றை உத்திரத்திலிருந்து வந்த கம்பிவடத்தோடு சேர்த்து முடிந்தான். மூன்று டன் தூக்குகிற லிஃப்ட். ரெஜிலா ஓடிவந்து ஸ்விட்சை அழுத்தினாள். மோட்டார் முனகும் என்று எதிர்பார்த்தான். முனகவில்லை. எண்ணெய் போட்டதுபோல லேசாக ஓடியது. வயரில் கவ்விக் கிடந்த மீட்டர் நாலு காட்டியது. பெல்ட் இரண்டும் தண்ணீரை விட்டு வெளியே வந்து, தளர்ந்து, காற்றில் ஆடின.

கயிறு வந்தது. கயிற்றின் நுனியில் ஜினோ வந்தான்.

முடிச்சு இடுப்பில் அவன் கட்டின மாதிரியே இருந்தது. வலது கை கயிற்றை விடாமல் பிடித்திருந்தது. விரல்களைப் பிரிக்க முடியவில்லை. ஞானதாசன் அவனைப் பலகையில் கிடத்தி, ஷார்ஜாவில் படித்த மாதிரி நெஞ்சை அழுத்தினான், வாயில் ஊதினான், மறுபடி அழுத்தினான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது, கருஞ்சேறு வந்தது, மூச்சு வரவில்லை. ரெஜிலா 108-க்குப் பேசிவிட்டு, ஜினோவின் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கை ஓய்ந்தது. "மக்கா, மக்கா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பேரைச் சொல்ல நாக்கு வரவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்தது. பெமிலா.

"எங்க நிக்கிறிய?" என்றாள். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. "அவன மட்டும் அனுப்பிட்டு நீங்க அங்க என்ன செய்யிறிய? முங்க விடமாட்டேன்னு சொன்னிய. தலையோட கால் நனைஞ்சு வந்திருக்கான். கேட்டா வாயே திறக்க மாட்டேங்கான். மூணு துவர்த்து குடுத்தாச்சு, வெள்ளம் வடிஞ்சுக்கிட்டே இருக்கு. காய்ச்சல் வரப்போவுது."

ஞானதாசன் ஜினோவின் முகத்தைப் பார்த்தான். கண் பாதி திறந்திருந்தது.

"எங்க இருக்கான்?"

"ஷிஜிகிட்டதான். அவ கட்டில்ல கிடக்கா. வந்ததும் அவ வயித்தில காதை வச்சவன் எடுக்கவே இல்ல. அவளுக்கு ஒரே சிரிப்பு."

"பெமிலா. ஷிஜிய வெளிய கூட்டிட்டு வா."

"என்னத்துக்கு?"

"கேக்காத. கூட்டிட்டு வெளிய வா. இப்பமே."

செருப்புச் சத்தம் அடுக்களையைக் கடந்தது. கதவைத் தட்டினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. "ஷிஜி, ஏட்டி ஷிஜி."

கதவைத் தள்ளிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"உள்ள கொண்டி போட்டாச்சு. உறங்கிட்டா போல, சத்தத்தையே காணல." பெமிலாவின் குரலில் இன்னும் பயம் வரவில்லை, வீட்டு வேலையின் எரிச்சல்தான் இருந்தது. "இதென்னது, கதவுக்கு அடியில வெள்ளம் வருது. இப்பம்தான் இந்த அறைய துடைச்சு விட்டேன்."

"கதவ உடை!"

"இருங்க, இருங்க. இது கொஞ்சமா வரல. என்னவோ சேறு வாடை அடிக்கு." தண்ணீருக்குள் கால் வைக்கும் சத்தம் போனில் கேட்டது. அவள் செருப்பைக் கழற்றினாள், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள் போலிருந்தது.

"எனக்குக் கரண்டைக்கால் வரைக்கும் வந்தாச்சு," என்றாள் பெமிலா.